வீட்டுக்கு டிரெட்மில்: எச்பியைவிட முக்கியமானவை

கேள்வி: வீட்டில் மூன்று பேர் பயன்படுத்துவோம். ஒருவர் 92 கிலோ, நடை மட்டும். ஒருவர் 70 கிலோ, 178 செ.மீ. உயரம், மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஓடுவார். வயதான அம்மா மெதுவாக நடப்பார். கடையில் 4 எச்பி (குதிரைத்திறன்), 6 எச்பி என்றெல்லாம் சொல்கிறார்கள். எதை வாங்குவது? மடக்கும் வகை சரியா? ஏற்றம் (முன்பகுதி உயர்ந்து மேட்டில் நடப்பதுபோல் ஆக்கும் வசதி) தேவையா?

பதில்: எடை கூடியவர்தான் உங்கள் வீட்டுக்கான மோட்டாரையும் சட்டத்தையும் தீர்மானிக்கிறார். ஓடுகிறவர் பெல்ட்டின் நீளத்தைத் தீர்மானிக்கிறார். அம்மாவுக்காகப் பார்க்க வேண்டியவை வேறு: கைப்பிடியின் நீளம், ஏறும் படியின் உயரம், தொடக்க வேகம். மூவருக்கும் நடுவாக ஒன்றை எடுத்தால் மோட்டார் ஒருவருக்குப் பற்றாது, பெல்ட் இன்னொருவருக்குப் பற்றாது.

முதலில் எச்பி. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் 'பீக் எச்பி', அதாவது மோட்டார் ஒரு கணம் மட்டும் தொடக்கூடிய உச்சம். நீங்கள் கேட்க வேண்டியது தொடர்ந்து ஓடும்போது தரும் திறன். விவரத் தாளில் 'கன்டினியூவஸ்' என்றோ 'சிஎச்பி' என்றோ போட்டிருப்பார்கள். உச்சக் கணக்கு எவ்வளவு பொருளற்றது என்பதை நீங்களே சரிபார்க்கலாம். ஒரு எச்பி 746 வாட். 6 எச்பி என்றால் ஏறத்தாழ 4,480 வாட். 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் சாக்கெட் தரக்கூடியது அதிகபட்சம் 3,680 வாட். 120 வோல்ட் நாடுகளில் 15 ஆம்பியர் சாக்கெட் 1,800 வாட்தான் தரும். சுவரிலிருந்து வராத மின்சாரத்தை மோட்டார் எப்படித் தொடர்ந்து செலவழிக்கும்? எந்திரத்தின் அடியிலோ பின்பக்கத்திலோ ஒட்டியிருக்கும் தகட்டில் வாட் அல்லது ஆம்பியர் இருக்கும். அதைப் படியுங்கள், அட்டைப்பெட்டியை நம்ப வேண்டாம்.

தொடர்திறன் கணக்கில் 80 கிலோவுக்குள் இருப்பவர்கள் நடக்க மட்டும் 1.5 முதல் 2 எச்பி போதும். மெல்லோட்டத்துக்கு 2.5. தொடர்ந்து ஓடுவதற்கோ 90 கிலோவுக்கு மேற்பட்டவருக்கோ 3. உங்கள் வீட்டில் இரண்டுமே இருப்பதால் 3-ஐத் தேடுங்கள். கிடைக்காவிட்டாலும் 2.5-க்குக் கீழே போகாதீர்கள்.

'நடக்கத்தானே போகிறார், சின்ன மோட்டார் போதாதா' என்று பலரும் நினைக்கிறார்கள். இங்கேதான் கணக்கு தப்புகிறது. வீட்டு டிரெட்மில்களில் பெரும்பாலும் இருப்பது டிசி (நேர்மின்சார) மோட்டார். எடை கூடியவர் காலை ஊன்றும்போது பெல்ட், அதன் அடியிலிருக்கும் டெக் பலகையோடு அழுந்துகிறது. அந்த உராய்வை மீறி இழுக்க மோட்டாருக்கு விசை வேண்டும். விசை கூடினால் ஆம்பியர் கூடும். ஆம்பியர் கூடினால் சூடு. மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறி, மோட்டார் சுற்றும் அதே தண்டில் பொருத்தப்பட்டிருக்கும். மணிக்கு 2, 3 கி.மீ. வேகத்தில் தண்டு மெதுவாகச் சுற்றுவதால் விசிறியும் மெதுவாகச் சுற்றும். ஆக, சூடு அதிகமாகவும் காற்று குறைவாகவும் இருக்கும் நிலை எடை கூடியவரின் மெதுநடைதான். சின்ன மோட்டாரை இது ஓட்டத்தைவிட அதிகமாக வாட்டும்.

ஏசி (மாறுமின்சார) மோட்டார் உடற்பயிற்சிக் கூடங்களுக்கானது. டிசி மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் போன்ற தேய்மானம் இல்லை, பல மணி நேரம் ஓயாமல் ஓடும்; ஆனால் எடையும் விலையும் மின் தேவையும் கூடுதல். மூன்று பேர் ஆளுக்கு முக்கால் மணி நேரம் பயன்படுத்த அது தேவையில்லை.

அடுத்து பெல்ட். மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 110 அடி வைத்து நடந்தால் ஓர் அடி 76 செ.மீ. 10 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 160 அடி வைத்து ஓடினால் ஓர் அடி ஒரு மீட்டரைத் தாண்டும். ஓடுகிறவர் ஒரே இடத்தில் நிற்பதில்லை. களைப்பில் கொஞ்சம் பின்வாங்குவார், மீண்டும் முன்னேறுவார். அதற்கும் இடம் வேண்டும். நடைக்கு 115–120 செ.மீ. நீளம், 40–42 செ.மீ. அகலம் போதும். உங்கள் ஓட்டக்காரருக்கு 130 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் குறைந்தபட்சம், 140-க்கு 50 இருந்தால் கீழே பார்க்காமல் ஓடலாம். சில நிறுவனங்கள் பக்கவாட்டுப் பலகையையும் சேர்த்து அகலம் சொல்கின்றன. கடைக்கு அளவு டேப் எடுத்துப் போங்கள். மோட்டார் மூடி முடியும் இடத்திலிருந்து பின் ரோலர் (பெல்ட் சுற்றிவரும் உருளை) வரை, ஓடும் பெல்ட்டை மட்டும் அளவெடுங்கள்.

விற்பவர் சொல்லாமல் விடுவது ரோலரின் விட்டம். 10 கி.மீ. வேகத்தில் 42 மி.மீ. ரோலர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,260 தடவை சுற்ற வேண்டும், 60 மி.மீ. ரோலர் 880 தடவைதான். சின்ன ரோலரில் பேரிங் சீக்கிரம் தேயும். பெல்ட்டும் ஒவ்வொரு சுற்றிலும் இறுக்கமாக வளைந்து வெடிக்கும். நடைக்கு 42 பரவாயில்லை. ஓட்டத்துக்கு 50-க்கு மேல் தேடுங்கள். பெல்ட்டின் தடிமன் 1.6 மி.மீ. என்றால் ஒற்றை அடுக்கு வகையாக இருக்கும், 2 மி.மீ.க்கு மேற்பட்ட இரட்டை அடுக்கு விளிம்பு சுருளாமல் நீண்ட நாள் வரும். டெக் பெரும்பாலும் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை. 18 மி.மீ.க்குக் குறைந்தால் எடை கூடியவருக்கு நடுவில் தொய்யும். சில டெக்குகளைத் தேய்ந்தபின் புரட்டிப் போட்டு மறுபக்கத்தையும் பயன்படுத்தலாம். அந்த வசதி இருக்கிறதா என்று கேட்பது நல்லது.

'அதிகபட்ச எடை 100 கிலோ' என்றிருக்கும் எந்திரத்தை 92 கிலோக்காரருக்கு வாங்காதீர்கள். குறைந்தது 120 கிலோ இருக்கட்டும். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு விசை இறங்குகிறது. 70 கிலோக்காரர் ஓடினாலே 140 முதல் 210 கிலோவுக்கு இணையான அழுத்தம். எந்திரத்தின் சொந்த எடையையும் பாருங்கள். மிகைப்படுத்திச் சொல்ல முடியாத எண் அது ஒன்றுதான். 50 கிலோவுக்குக் கீழே உள்ளவை ஓடும்போது ஆடும். 70 கிலோவுக்கு மேற்பட்டவை நிலையாக நிற்கும்.

ஏற்றம் தேவையா என்று கேட்டீர்கள். இந்த வீட்டுக்கு அவசியம் தேவை, அதுவும் மோட்டாரால் உயரும் வகை. ஓட முடியாதவருக்கு மூச்சிரைக்கும் பயிற்சி தரும் சிறந்த வழி அதுதான். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் சூத்திரப்படி, 5 கி.மீ. வேகத்தில் சமதளத்தில் நடப்பவர் ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 12 மி.லி. ஆக்சிஜன் செலவழிக்கிறார். 5 சதவீத ஏற்றத்தில் அது 19 ஆகிறது. 10 சதவீதத்தில் 27. சமதளத்தில் 8 கி.மீ. வேகத்தில் ஓடினால் ஆகும் செலவு 30. பாருங்கள், 92 கிலோக்காரர் ஓடாமலேயே, மூட்டில் ஓட்டத்தின் அடி விழாமலேயே, கிட்டத்தட்ட அந்த உழைப்பைப் பெறுகிறார். ஆனால் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நடந்தால் இந்தக் கணக்கு செல்லாது. உடலின் பாரத்தில் ஒரு பகுதியைக் கை தாங்கிவிடும். நிமிர்ந்து நடக்க முடியாத ஏற்றம் என்றால் இரண்டு சதவீதம் குறையுங்கள்.

ஏற்றத்தைச் சிலர் சதவீதத்தில் சொல்வார்கள், சிலர் டிகிரியில், சிலர் வெறும் 'லெவல்' கணக்கில். 15 சதவீதம் என்பது 8.5 டிகிரிதான். லெவல் என்றால் எத்தனை சதவீதம் என்று கேட்டு வாங்குங்கள். பின்காலைத் திருகி மூன்று நிலையில் வைக்கும் கைவகை ஏற்றத்துக்கு ஒவ்வொரு தடவையும் இறங்க வேண்டும். ஒரு மாதத்துக்குப் பிறகு யாரும் அதைத் தொடுவதில்லை. வெளியில் ஓடுவதற்கு ஈடாக 1 சதவீதம் வைக்க வேண்டும் என்ற வழக்கம் 1996-இல் ஜோன்ஸ், டவுஸ்ட் இருவரும் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. வெளியில் எதிர்க்கும் காற்றுக்கான ஈடு அது. வேகமான ஓட்டத்துக்குத்தான் பொருந்தும். நடப்பவர்கள் அதை நினைக்கவே வேண்டாம்.

அதிகபட்ச வேகம் 18, 20 என்பதற்காகக் கூடுதலாகச் செலவழிக்காதீர்கள். 10-இல் ஓடுபவருக்கு 14 வரை போகும் எந்திரம் தாராளம். அந்தப் பணம் ஏற்றத்துக்கும் பெல்ட்டுக்கும் போகட்டும்.

இடத்தைப் படுக்கைவாட்டில் மட்டும் அளந்துவிட்டு உயரத்தை மறப்பவர்கள் நிறையப் பேர். ஓடுபவர் 178 செ.மீ., டெக் தரையிலிருந்து 20, முழு ஏற்றத்தில் முன்பகுதி உயர்வது 16, ஓடும்போது தலை எழும்புவதற்கும் பாதுகாப்புக்கும் 20. ஆக 234 செ.மீ. தலைக்கு மேல் மின்விசிறி இருந்தால் கூரையை விட்டுவிட்டு இறக்கை வரை அளவெடுக்க வேண்டும்.

பின்பக்கம் 2 மீட்டர், பக்கவாட்டில் தலா அரை மீட்டர் காலியாக இருக்க வேண்டும் என்று கையேடுகள் சொல்கின்றன. இதில் பேரமே கிடையாது. பின்பக்கம் சுவர் இருந்தால், தடுமாறி விழுபவர் சுவருக்கும் ஓடிக்கொண்டிருக்கும் பெல்ட்டுக்கும் நடுவே சிக்கிக்கொள்வார். பெல்ட் தோலை உரித்துவிடும். அறை சிறியது என்றால் முன்பக்கத்தைச் சுவரை ஒட்டி வையுங்கள். வீட்டுக்குக் குழந்தைகள் வந்துபோனாலும் பாதுகாப்புச் சாவியை (இழுத்தால் எந்திரம் நின்றுவிடும்) பயிற்சி முடிந்ததும் கழற்றி எட்டாத இடத்தில் வைப்பது கட்டாயம். 2021 மே மாதம் பெலோட்டன் நிறுவனம் அமெரிக்காவில் தன் 'ட்ரெட் பிளஸ்' எந்திரங்கள் ஏறத்தாழ 1,25,000-ஐத் திரும்பப் பெற்றது. பின்பக்கத்து அடியில் இழுக்கப்பட்டு ஒரு குழந்தை இறந்தபின் நடந்தது அது. பின் ரோலருக்கும் தரைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி, அங்கே தடுப்பு இருக்கிறதா என்று குனிந்து பார்த்து வாங்குங்கள். சாவியின் கயிற்றை உடையில் மாட்டிக்கொண்டு ஓடினால்தான் அது பயன்படும்; எந்திரத்தில் சொருகிவைத்தால் மட்டும் போதாது.

மின் இணைப்பு: தனி சாக்கெட், சரியான எர்த். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. நீளமான மெல்லிய வயரில் வோல்டேஜ் இறங்கும், மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும், ப்ளக் சூடாகும். பெல்ட் பலகையில் உரசுவதால் நிலைமின்சாரம் உண்டாகிறது. எர்த் இல்லாவிட்டால் கைப்பிடியைத் தொடும்போது சுரீர் என்று அடிக்கும். மோட்டாரை இயக்கும் மின்னணுப் பலகையான கண்ட்ரோல் போர்டுக்கும் கேடு. மேல்மாடி வீடு என்றால் 8, 10 மி.மீ. ரப்பர் விரிப்பு போடுங்கள். அறையின் நடுவைவிடச் சுவரோரம் அதிர்வு குறையும். தரைத் தூசி மோட்டாருக்குள் போவதையும் விரிப்பு குறைக்கும்.

மடக்கும் வகை தவறில்லை. மடக்கும் கீல் இருப்பதாலேயே எந்திரம் ஆட வேண்டும் என்பதில்லை; சட்டத்தின் தடிமன்தான் முக்கியம். தானாக மெல்ல இறங்கும் ஹைட்ராலிக் தண்டு இருக்கட்டும். மடக்கும் முன் ஏற்றத்தைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஆனால் தினமும் மடக்கி விரிக்க வேண்டிய இடத்தில் வைத்தால் பயன்பாடு குறையும். விரித்தே வைக்க ஓர் இடம் இருந்தால் அதுவே மேல். மேசைக்கு அடியில் தள்ளும் 'வாக்கிங் பேட்' இந்த வீட்டுக்கு ஆகாது: பெரும்பாலும் 6 கி.மீ. வேகம்தான், கைப்பிடி இல்லை, மெத்துத்தன்மை குறைவு. மோட்டாரே இல்லாத தட்டையான கைவகை இன்னும் மோசம். பெல்ட்டை நகர்த்தக் கைப்பிடியைப் பிடித்துக் குனிந்து தள்ள வேண்டியிருக்கும்.

அம்மாவுக்கு: பக்கவாட்டுக் கைப்பிடி உடலின் பக்கம் வரை நீண்டிருக்க வேண்டும், முன்பக்கக் கம்பி மட்டும் போதாது. தொடக்க வேகம் 0.8 அல்லது அதற்கும் கீழே. டெக் உயரம் 18 செ.மீ.க்குள் இருந்தால் ஏற எளிது. நிறுத்தும் பொத்தான் பெரியதாக, சிவப்பாக, பார்க்காமலேயே கைக்கு எட்டுவதாக இருக்கட்டும். பெல்ட்டின் மேல் நின்றுகொண்டு எந்திரத்தைத் தொடங்கக் கூடாது. இரு பக்கப் பலகைகளில் கால் வைத்து நின்று, பெல்ட் நகரத் தொடங்கியபின் இறங்க வேண்டும். இதயம், சமநிலை தொடர்பான சிக்கல் இருந்தால் மருத்துவரிடம் கேட்டபின் தொடங்குங்கள்.

திரை, ஒலிபெருக்கி, நூறு பயிற்சித் திட்டங்கள் இவற்றுக்காக ஒரு மாடலை எடுக்காதீர்கள். கைப்பிடித் தகட்டில் காட்டும் இதயத் துடிப்பு ஓடும்போது நம்பத்தக்கதல்ல. மார்புப் பட்டை மேல். மாதச் சந்தா கட்டாவிட்டால் எந்த வசதியெல்லாம் நின்றுபோகும் என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

கடையில் சோதிக்கும்போது ஓடும் ஷூவோடு போங்கள். மூவரும் போவது நல்லது. 92 கிலோக்காரர் 3 கி.மீ. வேகத்தில் குதிகாலை அழுத்தி நடக்கட்டும். ஒவ்வோர் அடியிலும் பெல்ட் ஒரு நொடி தயங்கினால் அந்த மோட்டார் போதாது, அல்லது பெல்ட் தளர்ந்திருக்கிறது. ஓடுபவர் கைப்பிடியை விட்டு 10 கி.மீ.யில் ஐந்து நிமிடமாவது ஓட வேண்டும். திரை நடுங்குகிறதா, முழங்கை கைப்பிடியில் இடிக்கிறதா, முன் மூடியில் கால் தட்டுகிறதா என்று பாருங்கள். ரப்பர் கருகும் வாடை வந்தால் அந்த மாடலை விட்டுவிடுங்கள். வேகம் சரியா என்பதையும் சோதிக்கலாம். பெல்ட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு முழுச் சுற்றின் நீளத்தை டேப்பால் பகுதி பகுதியாக அளந்துகொள்ளுங்கள். அது 2.8 மீட்டர் என்றால், 6 கி.மீ. வேகத்தில் கோடு நிமிடத்துக்கு 36 தடவை வர வேண்டும். 32, 33 தான் வருகிறதென்றால் திரை காட்டும் தூரம் பொய்.

உத்தரவாதத்தில் 'சட்டத்துக்கு வாழ்நாள்' என்பதைப் பெரிதாக எடுக்காதீர்கள், சட்டம் எப்படியும் உடைவது அபூர்வம். கண்ட்ரோல் போர்டுக்கு எத்தனை ஆண்டு, பெல்ட்டுக்கு எத்தனை மாதம், பழுதுபார்ப்பவர் வீட்டுக்கு வருவாரா, கூலி யாருடையது? இந்த நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். 80 கிலோ எந்திரத்தைச் சேவை மையத்துக்கு நீங்களே தூக்கிவர வேண்டும் என்றால் அந்த உத்தரவாதத்தால் பயனில்லை.

வாங்கியபின் எந்திரத்தின் ஆயுள் எண்ணெயில் இருக்கிறது. பழுதுகளின் தொடக்கம் பெரும்பாலும் ஒன்றே: பெல்ட்டுக்கும் டெக்குக்கும் இடையே உலர்வு. உலர்ந்தால் உராய்வு கூடும், மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும், முதலில் எரிவது கண்ட்ரோல் போர்டு. போர்டை மட்டும் மாற்றி, உலர்ந்த பெல்ட்டை அப்படியே விட்டால் புதுப் போர்டும் எரியும். கையேடு வேறு சொல்லாவிட்டால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பெல்ட்டின் அடியில் கையை நுழைத்து டெக்கின் நடுப்பகுதியைத் தொடுங்கள். விரலில் வழவழப்பு ஒட்டினால் விட்டுவிடுங்கள். உலர்ந்திருந்தால் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, பெல்ட்டைத் தூக்கி, சுத்தமான சிலிக்கோன் எண்ணெயை இரு பக்கமும் சேர்த்து 20–30 மி.லி. நெளிநெளியாக இடுங்கள், கால் விழும் இடத்தில் சேர வேண்டும். பிறகு ப்ளக்கை மாட்டி, 3 கி.மீ. வேகத்தில் ஐந்து நிமிடம் பெல்ட்டின் முழு அகலத்திலும் நடந்தால் பரவும். தேங்காய் எண்ணெய், எஞ்சின் ஆயில், டபிள்யூடி-40 எதுவும் கூடாது. பெல்ட் உப்பும், அடிப்பக்கத் துணி பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். அளவுக்கு மேல் சிலிக்கோன் இட்டாலும் பெல்ட் ரோலரில் வழுக்கும். மெழுகு ஊட்டிய டெக் என்று கையேட்டில் இருந்தால் எண்ணெயே இடாதீர்கள்.

பெல்ட் ஒரு பக்கம் ஒதுங்குவது முதல் மாதத்திலேயே வரலாம். அது பழுதல்ல, புது பெல்ட் இளகுகிறது. பின்பக்க மூலைகளில் இரண்டு போல்ட் இருக்கும், ஆலன் கீ எந்திரத்தோடு வரும். ஆள் ஏறாமல் 4 கி.மீ. வேகத்தில் ஓடவிட்டு, பெல்ட் வலப்பக்கம் ஒதுங்கினால் வலப்பக்கப் போல்ட்டைக் கடிகாரத் திசையில் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். இடப்பக்கம் என்றால் இடப்பக்கப் போல்ட்டை. இரண்டு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். அவசரப்பட்டு முழுச் சுற்று திருப்பினால் எதிர்ப்பக்கம் ஓடி விளிம்பு கிழியும். தலைமுடி, சேலைத் தலைப்பு, துப்பட்டா எதுவும் ரோலர் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கால் ஊன்றும்போது பெல்ட் நின்று நின்று போனால் எது வழுக்குகிறது என்று கண்டுபிடித்தபின் போல்ட்டைத் தொடுங்கள். ப்ளக்கைப் பிடுங்கி முன் மூடியைக் கழற்றுங்கள். மூடி திறந்து ப்ளக் மாட்டியிருக்கும்போது உள்ளே கை வைக்கவே கூடாது. மீண்டும் ப்ளக்கை மாட்டி, மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, ஒருவர் கைப்பிடியைப் பிடித்தபடி காலால் பெல்ட்டை அழுத்தட்டும், மற்றவர் தள்ளி நின்று பார்க்கட்டும். முன் ரோலர் சுற்றிக்கொண்டே இருக்க நடைபெல்ட் மட்டும் நின்றால் நடைபெல்ட் தளர்வு. இரு போல்ட்டையும் சமமாகக் கால் சுற்று இறுக்கினால் சரியாகும். நடுவில் பெல்ட்டைத் தூக்கினால் 5 முதல் 8 செ.மீ. எழும்ப வேண்டும், அதற்கும் கீழே இறுக்கினால் ரோலர் பேரிங்குக்கும் மோட்டாருக்கும் சுமை. முன் ரோலரும் சேர்ந்து நின்று, மோட்டார் மட்டும் சுற்றினால், அது மோட்டாரிலிருந்து ரோலருக்குப் போகும் வரிபோட்ட டிரைவ் பெல்ட்டின் வழுக்கல். பின் போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் தீராது. மோட்டாரும் சேர்ந்தே திணறினால் முதலில் டெக்கின் எண்ணெயைப் பாருங்கள், அடுத்து டிசி மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷை. தொடங்கியதும் வேகமாகப் பாய்ந்து சில நொடியில் நின்று, திரையில் பிழை எண் காட்டினால், பெரும்பாலும் வேக சென்சார்: ரோலர் கப்பியில் இருக்கும் சிறு காந்தத்துக்கும் சென்சார் முனைக்கும் இடைவெளி கூடியிருக்கும், அல்லது நடுவில் தூசி அடைந்திருக்கும்; ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுத் துடைத்து, சில மில்லிமீட்டர் இடைவெளிக்குள் நெருக்கி வைத்தால் பல சமயம் ஓடத் தொடங்கிவிடும்.